ஜி.ஆர்.இ.யை இன்னொரு தடவை எழுதலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கும் ஜூனியர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். ஆகஸ்ட் பிறந்தால் போதும், ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அந்தப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யில் ஸ்கோர் எதிர்பார்த்த அளவு வரவில்லை, திரும்ப எழுதினால் தப்பாக நினைப்பார்களா, பழைய ஸ்கோரும் சேர்ந்து போய்விடுமா என்று கேட்பார்கள். பலர் நல்ல ஸ்கோரை வைத்துக்கொண்டே தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள். வேறு சிலர், எழுதியே ஆக வேண்டிய நிலையிலும் வீண் பயத்தால் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

ஜி.ஆர்.இ.யை மொத்தம் எத்தனை தடவை எழுதலாம்? நடுவுல எவ்வளவு நாள் விடணும்?

ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவே 21 நாள் வேண்டும். ஜூன் 10 அன்று எழுதியவர் ஜூலை 1 முதல் மறுபடி எழுதலாம். தொடர்ச்சியான எந்த 12 மாதத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஐந்து முறைக்கு மேல் எழுத முடியாது. இது ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் கணக்கு இல்லை. நீங்கள் எழுதப்போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

மையத்துக்குப் போய் எழுதுவதும் வீட்டிலிருந்து எழுதுவதும் ஒரே கணக்கில்தான் சேரும். ஸ்கோரை ரத்து செய்த தேர்வும் ஒரு முறையாகவே எண்ணப்படும். இந்த விதியை மீறி எப்படியோ எழுதிவிட்டாலும், தேர்வை நடத்தும் இ.டி.எஸ். அந்த ஸ்கோரை வெளியிடாது. கட்டணமும் திரும்ப வராது.

ரெண்டு தடவை எழுதினேன்னு யுனிவர்சிட்டிக்குத் தெரிஞ்சிடுமா?

நீங்களாகத் தெரிவித்தால் ஒழியத் தெரியாது. ஸ்கோர்செலக்ட் என்ற வசதியில், எந்தத் தேதியில் எழுதிய ஸ்கோர் போக வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் அறிக்கையில் அந்தத் தேதியின் ஸ்கோர் மட்டும்தான் இருக்கும். "இவர் இதற்கு முன்பும் எழுதியிருக்கிறார்" என்ற குறிப்போ, அடையாளமோ அதில் எங்கேயும் கிடையாது.

இந்த ஒரு பதிலே பாதிப் பேரின் கவலையைத் தீர்த்துவிட வேண்டும். ஆனால் தீர்வதில்லை. அதற்குக் காரணம் அடுத்த கேள்வி.

ஆனா எங்க மாமா பையன், "எல்லா ஸ்கோரும் போகும், பார்த்து எழுது"ன்னு சொன்னாரே?

அவர் எப்போது விண்ணப்பித்தார் என்று கேளுங்கள். ஸ்கோர்செலக்ட் வந்தது 2012 ஜூலையில். அதற்கு முன்பு, கடந்த ஐந்து ஆண்டில் எழுதிய எல்லா ஸ்கோரும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தானாகவே போகும். அந்தக் காலத்தில் விண்ணப்பித்தவருக்கு அவர் சொல்வது முழு உண்மை. அவரிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து ரூம்மேட்டுக்கு என்று அந்த அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வேறு தேர்வுகளோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட்டில் எழுதிய ஒவ்வொரு முறையும் கல்லூரிக்குத் தெரியும். ஒரே ஆண்டில் மூன்று முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று அங்கே கடுமையான வரம்பும் இருக்கிறது. சட்டக் கல்லூரிக்கான எல்சாட்டிலும் பல முறை எழுதியது மறையாது. அந்தத் தேர்வு எழுதியவர் சொல்வதை ஜி.ஆர்.இ.க்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

எந்த ஸ்கோர் போகணும்னு எப்போ முடிவு பண்ணணும்?

இரண்டு சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. தேர்வு முடிந்ததும் திரையிலேயே வெர்பல் (ஆங்கில மொழித்திறன்), குவான்ட் (கணிதத்திறன்) ஸ்கோர் தெரியும். அதைப் பார்த்த பிறகு, நான்கு பல்கலைக்கழகங்கள் வரை தனிக் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம். அப்போது இருப்பது இரண்டே வழி: அன்றைய ஸ்கோர் மட்டும், அல்லது ஐந்து ஆண்டின் எல்லா ஸ்கோரும். யாருக்கும் அனுப்பாமலும் விடலாம். விட்டால் அந்த நான்கு இலவச வாய்ப்பும் போய்விடும்; பிறகு சேர்த்து வைத்துப் பயன்படுத்த முடியாது.

அதிகாரபூர்வ ஸ்கோர் 8 முதல் 10 நாளில் உங்கள் இ.டி.எஸ். கணக்கில் வரும். அதற்குப் பிறகு அனுப்பினால், ஒரு தேதியோ பல தேதிகளோ, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் டாலரில் தனிக் கட்டணம். திரும்ப எழுதும் எண்ணம் துளியாவது இருந்தால், தேர்வு நாளில் இலவசம் என்பதற்காக மட்டும் அனுப்பிவிடாதீர்கள். போன ஸ்கோரைத் திரும்பப் பெற வழியே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். விண்ணப்பிக்கும்போது ஸ்கோரை நீங்களே உள்ளிட்டால் போதும், இடம் கிடைத்த பிறகு அதிகாரபூர்வ அறிக்கை அனுப்பலாம் என்று சொல்லும் துறைகள் நிறைய. பத்து இடத்துக்கு விண்ணப்பிக்கிறவர் இதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினால் கணிசமாக மிச்சமாகும்.

முதல் தடவை குவான்ட் நல்லா வந்துச்சு, ரெண்டாவது தடவை வெர்பல். ரெண்டுலயும் நல்லதை எடுத்து ஒரே ரிப்போர்ட்டா அனுப்ப முடியுமா?

முடியாது. ஒரு தேதியின் ஸ்கோர் என்றால் வெர்பல், குவான்ட், அனலிட்டிகல் ரைட்டிங் (கட்டுரை எழுதுவது) மூன்றும் சேர்ந்தேதான் போகும். ஒரு பிரிவை மட்டும் பிரித்து எடுக்க இ.டி.எஸ். அனுமதிப்பதில்லை.

இந்தக் குழப்பம் ஆங்கிலத் தேர்வான டோஃபலிலிருந்து வருகிறது. டோஃபலையும் நடத்துவது இ.டி.எஸ்.தான். அங்கே மைபெஸ்ட் என்று ஒன்று உண்டு. செல்லுபடியாகும் தேர்வுகளில் ஒவ்வொரு பிரிவிலும் எது உயர்ந்ததோ அதைத் தொகுத்து அறிக்கையிலேயே காட்டுவார்கள். ஜி.ஆர்.இ.யில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு தேதிகளையும் அனுப்பினால், சில துறைகள் தாங்களாகவே ஒவ்வொரு பிரிவிலும் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும்.

அப்படி ரெண்டும் போனா, அட்மிஷன் கமிட்டி எதைப் பார்ப்பாங்க? சராசரி எடுத்துடுவாங்களா?

நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. பல ஸ்கோர்கள் வந்தால் கடைசி ஸ்கோரை எடுக்கலாம், பிரிவுவாரியாக உயர்ந்ததை எடுக்கலாம், மொத்தத்தில் உயர்ந்த தேதியை எடுக்கலாம், சராசரியும் எடுக்கலாம், ஆனால் எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள் என்பதுதான் பல்கலைக்கழகங்களுக்கு இ.டி.எஸ். சொல்வது. முடிவு துறையின் கையில். பெரும்பாலான இடங்களில் உயர்ந்ததைத்தான் பார்க்கிறார்கள். சராசரி அபூர்வம்.

உயர்ந்ததைப் பார்ப்பதில் அவர்களுக்கும் ஆதாயம் இருக்கிறது. எம்.பி.ஏ. கல்லூரிகளின் அமெரிக்கத் தரவரிசைகளில், சேர்ந்த மாணவர்களின் தேர்வு ஸ்கோரும் ஒரு கூறு. பொறியியல் தரவரிசையிலும் சேர்ந்த மாணவர்களின் குவான்ட் சராசரி பல ஆண்டுகள் கணக்கில் இருந்தது. உங்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு உங்கள் குறைந்த ஸ்கோரை வெளியில் காட்ட எந்தக் கல்லூரியும் விரும்பாது. சட்டக் கல்லூரிகளில் இது இன்னும் வெளிப்படை: எல்சாட்டில் எல்லா ஸ்கோரும் தெரிந்தாலும், தங்கள் மாணவர்களின் உயர்ந்த ஸ்கோரைத்தான் அங்கீகார அமைப்புக்குக் கணக்குக் காட்டுகிறார்கள்.

துறையின் இணையப் பக்கத்தில் இது பற்றி எதுவும் இல்லையென்றால், கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு (துறையில் சேர்க்கை வேலைகளைக் கவனிப்பவர்) இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை. கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

எனக்கு 314 வந்திருக்கு. திரும்ப எழுதணுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதற்கு நான் ஆமாம், இல்லை என்று பதில் சொல்வதே இல்லை. ஏனென்றால் 314 என்ற எண் உங்கள் அறிக்கையில் இல்லை. வெர்பல் 130-லிருந்து 170 வரை, குவான்ட் 130-லிருந்து 170 வரை, ரைட்டிங் 0-விலிருந்து 6 வரை என்று மூன்று தனி ஸ்கோர்தான் இருக்கிறது. இரண்டைக் கூட்டி 340-க்கு இவ்வளவு என்று சொல்வது நம் பழக்கம், கோச்சிங் சென்டர்களின் விளம்பரப் பலகைப் பழக்கம். சில துறைகளும் கூட்டித்தான் பார்க்கின்றன. ஆனால் அப்படிக் கூட்ட வேண்டாம் என்பதே இ.டி.எஸ். தரும் வழிகாட்டுதல்.

கூட்டினால் முக்கியமான ஒன்று மறைந்துபோகிறது. வெர்பலில் 160 வாங்கியவர், தேர்வு எழுதியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோரைத் தாண்டிவிட்டார். குவான்டில் அதே 160 வாங்கினால் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் தாண்டி நிற்பார், அவ்வளவுதான். வெர்பல் 146, குவான்ட் 168 என்றாலும் 314. வெர்பல் 157, குவான்ட் 157 என்றாலும் 314. எலெக்ட்ரிக்கல் எம்.எஸ். விண்ணப்பத்தில் முதலாமவர் திரும்ப எழுத வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. இரண்டாமவர் கட்டாயம் யோசிக்க வேண்டும். அதே இருவரும் பப்ளிக் பாலிசிக்கு விண்ணப்பித்தால் நிலைமை தலைகீழ்.

ஆகவே செய்ய வேண்டியது இது. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு துறையும் ஜி.ஆர்.இ. கேட்கிறதா, சேர்ந்தவர்களின் பிரிவுவாரி சராசரியை வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் துறைக்கு முக்கியமான பிரிவில் அந்தச் சராசரிக்கு நன்றாகக் கீழே இருந்தால் எழுதுங்கள். சராசரியை ஒட்டியோ மேலேயோ இருந்தால் அந்த நேரத்தை எஸ்.ஓ.பி.க்கு (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) கொடுங்கள்.

ரெண்டு மார்க் கூடினாலும் கூடுதல்தானே? அதுக்காக எழுதலாமா?

வேண்டாம். அளவீட்டுப் பிழை என்று ஒன்று எந்தத் தேர்விலும் உண்டு. ஜி.ஆர்.இ.யில் வெர்பல், குவான்ட் இரண்டிலுமே அது சுமார் 2 மதிப்பெண். அதாவது எதுவுமே கூடுதலாகப் படிக்காமல், வேறொரு நாள் போய் எழுதினாலே ஸ்கோர் இரண்டு ஏறலாம், இரண்டு இறங்கலாம். இந்தக் கணக்கு அட்மிஷன் கமிட்டிக்கும் தெரியும். 163-ஐயும் 165-ஐயும் இரு வேறு மாணவர்களாக யாரும் பார்ப்பதில்லை.

ஒரே விதிவிலக்கு, எழுத்தில் போட்ட கட்-ஆஃப். குறைந்தபட்சம் இவ்வளவு இருந்தால்தான் விண்ணப்பத்தைத் திறப்போம் என்று துறை சொல்லியிருந்து, நீங்கள் ஒரு மார்க் கீழே இருந்தால், அந்த ஒரு மார்க்குக்காக எழுதத்தான் வேண்டும். ஜெர்மனியில் இதை அதிகம் காணலாம். ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் கணினியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் இந்தியப் பட்டதாரிகளிடம் ஜி.ஆர்.இ. ஸ்கோரையோ நம் நாட்டின் கேட் (GATE) தேர்வு ஸ்கோரையோ கேட்டு வந்திருக்கிறது. உங்களிடம் நல்ல கேட் ஸ்கோர் இருந்தால், அந்த மாதிரி இடங்களில் ஜி.ஆர்.இ.யைத் திரும்ப எழுதும் பேச்சே வேண்டாம்.

ரெண்டாவது தடவை குறைஞ்சிட்டா என்ன பண்றது?

முதல் ஸ்கோரை அனுப்புங்கள். விஷயம் அங்கேயே முடிந்தது. குறைந்த ஸ்கோர் உங்கள் கணக்கில் இருக்கும், யாருக்கும் போகாது.

பணமும் உழைப்பும் போனதே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் இரண்டாவது முயற்சியில் நடந்ததால் முதல் ஸ்கோரின் மதிப்பு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

தேர்வு சரியா போகலைன்னு தோணினா, அங்கேயே கேன்சல் பண்ணிடலாமா?

செய்யாதீர்கள். ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்பே ரத்து செய்வதா என்று திரை கேட்கும். ரத்து செய்தால் அன்றைய ஸ்கோர் உங்களுக்கே தெரியாது. கட்டணம் போய்விடும், முதல் கேள்வியில் சொன்னபடி அது ஒரு முயற்சியாகவும் எண்ணப்படும். 60 நாளுக்குள் பணம் கட்டி மீட்கலாம் என்றாலும், எதற்கு அந்தச் செலவு?

ரத்து செய்வதால் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: மோசமான ஸ்கோர் பல்கலைக்கழகத்தின் கண்ணில் படாது. அதை ஸ்கோர்செலக்ட் ஏற்கெனவே இலவசமாகத் தருகிறது. தவிர, தேர்வு அறையில் வரும் உணர்வை நம்ப முடியாது. ஜி.ஆர்.இ.யில் முதல் பகுதியை நன்றாகச் செய்தால் இரண்டாவது பகுதி கடினமாக வரும். கடினமாக இருந்ததே என்று பயந்து ரத்து செய்பவர், நல்ல ஸ்கோரைத்தான் தூக்கி எறிகிறாரோ என்னவோ.

குவான்ட் 170, வெர்பல் 148 ஒரு தேதி. குவான்ட் 166, வெர்பல் 156 இன்னொரு தேதி. எதை அனுப்ப?

துறையைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. குவான்டில் உச்சிப் பக்கம் கூட்டம் அதிகம். 170-க்கும் 166-க்கும் நடுவே நான்கு மார்க்தான் என்றாலும் பெர்சென்டைலில் (எத்தனை சதவீதம் பேரைத் தாண்டியிருக்கிறீர்கள் என்பதில்) பெரிய இடைவெளி விழும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ், குவான்டிட்டேட்டிவ் ஃபைனான்ஸ், எகனாமிக்ஸ் பிஎச்.டி. போன்றவற்றுக்கு 170 இருக்கும் தேதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். சிவில், மெக்கானிக்கல், ஐ.டி. மேனேஜ்மென்ட் போன்ற எம்.எஸ்.களுக்கு இரண்டாவது தேதி சமநிலையாக இருக்கிறது. அதையே அனுப்பச் சொல்வேன்.

பிரிவுவாரியாக உயர்ந்ததை எடுப்போம் என்று துறை சொல்லியிருந்தால் இரண்டையும் அனுப்புங்கள். 170-ம் 156-ம் உங்களுடையது. இதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

மூணு, நாலு தடவை எழுதினா தப்பா நினைப்பாங்களா?

தெரியாத ஒன்றைத் தப்பாக நினைக்க முடியாது. எல்லா தேதிகளையும் நீங்களே அனுப்பினால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். அப்போதும் 152, 158, 164 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால் அதை உழைப்பாகத்தான் பார்ப்பார்கள்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. மூன்றாவது தடவைக்குப் படிக்கும் இரண்டு மாதத்தில், பேராசிரியர்களைப் பார்த்து எல்.ஓ.ஆர். (பரிந்துரைக் கடிதம்) கேட்கவில்லை, ப்ராஜெக்டை முடிக்கவில்லை, எஸ்.ஓ.பி.யின் முதல் வரைவுகூட இல்லை என்ற நிலையில் நவம்பர் வந்து நிற்கும். ஸ்கோர் 4 ஏறியிருக்கும், மற்றதெல்லாம் அவசரத்தில் எழுதியதாக இருக்கும். இந்த விண்ணப்பம் பழைய ஸ்கோரோடு போயிருக்கக்கூடிய நல்ல விண்ணப்பத்தைவிட மோசமானது. இரண்டு தடவை சரி. மூன்றாவது என்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்: காய்ச்சலோடு எழுதியது, நடுவில் இணைப்பு துண்டானது, மாக் டெஸ்டில் தொடர்ந்து 6, 7 மார்க் கூடுதலாக வருவது.

டிசம்பர் 15 டெட்லைன். இப்போ அக்டோபர் கடைசி. எழுத நேரம் இருக்கா?

இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு முறைக்கு. ஸ்கோர் வர 10 நாள், அது பல்கலைக்கழகத்தின் அமைப்பில் சேர இன்னும் சில நாள் என்று வைத்துக்கொண்டால் நவம்பர் 25-ஐத் தாண்டாமல் எழுதுங்கள். நவம்பரில் சென்னை, கோவை, பெங்களூரு மையங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் இடம் தேடுவார்கள். இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்கு என் யோசனை: முதல் முறையை ஜூலை கடைசிக்குள் எழுதிவிடுங்கள். தேவைப்பட்டால் செப்டம்பரில் இரண்டாவது. அக்டோபர் முழுக்க எஸ்.ஓ.பி.க்கு மிஞ்சும்.

அப்ளை பண்ணியாச்சு, பழைய ஸ்கோர் போயாச்சு. இப்போ புது ஸ்கோர் நல்லா வந்திருக்கு. அனுப்பலாமா?

டெட்லைன் முடியவில்லை என்றால் தாராளமாக. புது ஸ்கோரை இ.டி.எஸ். வழியாக அனுப்பிவிட்டு, விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டு ஸ்கோரும் அவர்களிடம் இருக்கும். அதில் பாதகம் இல்லை என்பதை மேலே கமிட்டி பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

டெட்லைன் முடிந்திருந்தால் அனுப்பும் முன் கேளுங்கள். கமிட்டி விண்ணப்பங்களைப் படிக்கத் தொடங்காத வரையில் சேர்த்துக்கொள்ளும் துறைகள் உண்டு. முடியாது என்று சொன்னால் விட்டுவிடுங்கள், கெஞ்ச வேண்டாம்.

ஜி.ஆர்.இ. ஆப்ஷனல்னு போட்டிருக்காங்க. உண்மையிலேயே ஆப்ஷனலா?

முதலில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டாயம் என்பது ஒன்று. விருப்பம் என்பது இரண்டாவது. பார்க்கவே மாட்டோம் என்பது மூன்றாவது. எம்.ஐ.டி.யின் எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை ஜி.ஆர்.இ. கேட்பதில்லை. ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுகலைக்கும் தேவையில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராக்கம் கிராஜுவேட் ஸ்கூல், பிஎச்.டி. சேர்க்கையில் ஜி.ஆர்.இ.யைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. உங்கள் பட்டியலில் பாதி இப்படிப்பட்ட இடங்கள் என்றால், ரீடேக் (திரும்ப எழுதுவது) யாருக்காக என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நிலைப்பாடுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. விண்ணப்பிக்கும் பருவத்தில் துறைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே சரி.

ஆப்ஷனல் என்று போட்ட இடத்தில், ஸ்கோர் உங்கள் விண்ணப்பத்தின் ஒரு பலவீனத்தை ஈடுகட்டினால் அனுப்புங்கள். சி.ஜி.பி.ஏ. 7-ஐ ஒட்டி இருந்து குவான்ட் 168 என்றால் அனுப்பலாம். சி.ஜி.பி.ஏ. 9-க்கு மேல் இருந்து குவான்ட் 157 என்றால் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

ரைட்டிங்ல மட்டும் 3 வந்திருக்கு. அதுக்காகத் திரும்ப எழுதணுமா?

பொறியியல், அறிவியல் எம்.எஸ். என்றால் பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் எழுத்தை எஸ்.ஓ.பி.யிலும் டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்.ஸிலும் பார்த்துக்கொள்வார்கள். 3.5 அல்லது 4 வேண்டும் என்று துறை எழுதிவைத்திருந்தால் மட்டும் யோசியுங்கள். ஜர்னலிசம், பாலிசி, ஹ்யூமானிட்டிஸ் பக்கம் போகிறவர்களுக்கு 3 நிச்சயம் இடிக்கும்.

அப்படி எழுதுவதானால் நல்ல செய்தி ஒன்று: 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபோது இரண்டு கட்டுரையில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இப்போது 30 நிமிடத்தில் ஒரே ஒரு கட்டுரைதான். அதன் தலைப்புகளின் முழுத் தொகுப்பையும் இ.டி.எஸ்.ஸே தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது.

ஃபார்ம்ல "எழுதிய எல்லா தேர்வுகளையும் குறிப்பிடவும்"னு கேட்டா, மறைக்கலாமா?

கூடாது. அறிக்கையில் எதை அனுப்புவது என்பது உங்கள் உரிமை. ஆனால் விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. சொன்னதெல்லாம் உண்மை என்று கீழே கையெழுத்திடுகிறீர்கள். பொய் என்று தெரிந்தால், கிடைத்த இடத்தை ரத்து செய்ய அவர்களால் முடியும். படித்துக்கொண்டிருக்கும்போதுகூட.

கேள்வியை நிதானமாகப் படியுங்கள். "ஸ்கோரைக் குறிப்பிடவும்" என்று மட்டும் இருந்தால் நீங்கள் அனுப்பும் ஸ்கோரை எழுதினால் போதும். "எல்லா முயற்சிகளும்" என்று இருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். இப்படிக் கேட்கும் இடங்கள் குறைவு.

முதல் ஸ்கோர் ஏன் குறைஞ்சதுன்னு எஸ்.ஓ.பி.யில விளக்கம் எழுதட்டுமா?

வேண்டாம். எஸ்.ஓ.பி.யில் ஒவ்வொரு வரியும் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்கு. அவர்கள் பார்க்காத, பார்த்தாலும் பொருட்படுத்தாத ஒன்றை நீங்களே எடுத்துக் காட்டுவானேன்?

நாலு வருஷம் முன்னாடி எழுதின ஸ்கோர் இருக்கு. அது போதுமா, புதுசா எழுதணுமா?

தேர்வு நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை செல்லும். 2023-க்கு முந்தைய நீண்ட தேர்வானாலும் இன்றைய 1 மணி 58 நிமிடத் தேர்வானாலும் ஸ்கோர் அளவுகோல் ஒன்றுதான். பழசு என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

ஆனால் பெர்சென்டைலைப் பாருங்கள். அது ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது, உங்கள் பழைய ஸ்கோருக்கும் இன்றைய பெர்சென்டைல்தான் அறிக்கையில் வரும். குவான்டில் சில ஆண்டுகளாக அது இறங்கிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு 164-க்கு இருந்த இடம் இன்றைக்கு இல்லை. கணக்கில் உள்நுழைந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டெட்லைன் அன்று செல்லுபடியானால் போதுமா, சேரும் நாள் வரை செல்ல வேண்டுமா என்பதையும் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.ஆர்.இ. சரியா வரலை. எம்.பி.ஏ.வுக்கு ஜிமேட் எழுதிடலாமா?

குவான்ட் தடுமாறியதால் ஜிமேட்டுக்கு மாறுவது பலன் தராது. அங்கேயும் அதே கணக்குதான் காத்திருக்கிறது. வெர்பலில் அருஞ்சொற்கள்தான் பிரச்சினை என்றால் ஒருவேளை உதவலாம், ஜிமேட்டில் அந்தச் சொல் பட்டியல் தொல்லை இல்லை. அங்கே இடைவெளி 16 நாள், 12 மாதத்தில் ஐந்து முறை. ஸ்கோர் 205-லிருந்து 805 வரை. எதை அனுப்புவது என்று ஸ்கோரைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். முதலில் இரண்டிலும் இலவச மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள்.

ரெண்டாவது தடவைக்கு எப்படிப் படிக்கறது? அதே புக்கைத் திரும்பப் போடலாமா?

அதே புத்தகத்தை அதே வரிசையில் திரும்பப் போட்டால் அதே ஸ்கோர்தான் வரும். எங்கே போனது என்று முதலில் கண்டுபிடியுங்கள். குவான்டில் நம் மாணவர்கள் பாடம் தெரியாமல் விடுவது குறைவு. டேட்டா இன்டர்ப்ரிடேஷனில் அட்டவணையைத் தப்பாகப் படிப்பது, ஒப்பிடும் கேள்விகளில் பூஜ்ஜியத்தையும் எதிர்ம எண்ணையும் பின்னத்தையும் மறப்பது, கேட்டதை விட்டு வேறொன்றைக் கண்டுபிடிப்பது, இவைதான் அதிகம். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பழக்கம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் பகுதியில் வெறும் 12 கேள்விகள். அதில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த பகுதி எவ்வளவு கடினமாக வரும் என்பது தீர்மானமாகிறது. குவான்டில் அந்த 12-க்கு 21 நிமிடம். அந்த 21 நிமிடத்தைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். இ.டி.எஸ்.ஸின் இலவச பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்புவரை தொடாமல் வையுங்கள். முந்தைய ஸ்கோரைவிட நாலைந்து மார்க்காவது அதில் கூடவில்லையென்றால் தேர்வைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஸ்கோர் கூடினா ஃபண்டிங் கிடைக்குமா?

சில பல்கலைக்கழக ஃபெலோஷிப்களில் ஸ்கோரும் ஒரு அளவுகோல். ஆனால் ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர் வேலை) கொடுப்பது பேராசிரியர்; அவருக்குத் தேவை தன் ஆய்வுக்கூட வேலையைச் செய்யத் தெரிந்த ஆள். டி.ஏ.வுக்கு (கற்பித்தல் உதவியாளர் வேலை) அந்தப் பாடத்தில் உங்கள் மதிப்பெண்ணும் ஆங்கிலத்தில் பேசும் திறனும் பார்ப்பார்கள். ஃபண்டிங்கை நம்பி மட்டும் ரீடேக் செய்வதை நான் ஆதரிப்பதில்லை.

அப்பா "பணத்தைப் பத்திக் கவலைப்படாதே, இன்னொரு தடவை எழுது"ங்கறார். எனக்கு மனசு இல்லை. என்ன சொல்றது?

கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். அது போக ஸ்கோர் அனுப்பும் செலவு. வெளியூரிலிருந்து மையத்துக்கு வருபவருக்குப் பயணச் செலவும் தங்கும் செலவும் இருக்கிறது. கொடுக்க அப்பா தயாராக இருப்பது பெரிய விஷயம். எழுதாமல் விட்டால் மகளுக்கோ மகனுக்கோ இடம் கிடைக்காதோ என்ற பயத்தில்தான் அவர் சொல்கிறார். வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பயம் போகாது.

உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் இடங்கள், ஒவ்வொன்றும் ஜி.ஆர்.இ. கேட்கிறதா, சேர்ந்தவர்களின் சராசரி, உங்கள் ஸ்கோர். 314 பற்றிய பதிலில் சொன்ன அதே கணக்குதான். பெரும்பாலான இடங்களில் உங்கள் ஸ்கோர் போதும் என்று தெரிந்தால் அப்பாவே ஒத்துக்கொள்வார். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டலாம் என்று சொல்லுங்கள். தாளில் எழுதியபின் ஸ்கோர் போதாது என்று தெரிந்தால், மனசு இல்லாவிட்டாலும் 21 நாள் கழித்து வரும் முதல் தேதியைப் பார்க்கத் தொடங்குங்கள்.